காய்ச்சல் விட்ட பிறகு: நாட்பட்ட நுரையீரல் நோயும் குருதிக்குழாயும்

நுரையீரலைக் காற்றுப்பை என்று சொல்லிப் பழகிவிட்டாலும், அந்தப் பையின் சுவரில் பெரும்பகுதி குருதிக்குழாய்தான். வளர்ந்த ஒருவரின் இரு நுரையீரல்களிலும் ஏறத்தாழ 48 கோடிச் சிற்றறைகள் உண்டு. ஒவ்வொரு சிற்றறையையும் மயிர்க்குழாய்கள் வலைபோல் போர்த்திக் கிடக்கின்றன. சிற்றறையில் உள்ள காற்றுக்கும் வலையில் ஓடும் குருதிக்கும் நடுவே நிற்கும் தடுப்பு, ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு தடிப்புக்கூட இல்லாதது. செங்குருதிக் கலங்கள் அந்த வலைக்குள் ஒவ்வொன்றாக, சில வேளை மடிந்தும் நெளிந்தும் நுழைந்து போகின்றன.

உட்கார்ந்திருக்கும் ஒருவரின் செங்குருதிக் கலம் இந்த வலையைக் கடக்க முக்கால் வினாடி எடுக்கிறது. ஒட்சிசன் நிரம்புவதற்கு அதில் மூன்றில் ஒரு பங்கு நேரமே போதும், மிச்சம் கையிருப்பு. மேடு ஏறும்போது குருதி வேகமாக ஓடுவதால் கிடைக்கும் நேரம் கால் வினாடிக்கு இறங்கிவிடும். நல்ல நுரையீரலுக்கு அந்தக் கால் வினாடியும் போதும். வலையில் பாதி அழிந்துபோன நுரையீரலுக்கு அது போதாது. மாத்தளையிலிருந்து வடக்கே ஏ9 வீதியில் அலுவிகாரையைக் கடந்து வரும் பலாபத்வலயிலும் அதைச் சூழ்ந்த தோட்டங்களிலும் மூச்சு நோயாளர் வழக்கமாகச் சொல்லும் முறைப்பாடு இதுதான்: கீழே வீதிக் கடையில் உட்கார்ந்து பேசும்வரை ஒரு குறையும் இல்லை, லயத்துக்கு மேடு ஏறினால் மூச்சு முட்டுகிறது. ஏற்றத்தில் தெரிவது அந்தக் கால் வினாடிக் கணக்கு.

பெருநாடி முதல் மயிர்க்குழாய் வரை எல்லாக் குருதிக்குழாய்களின் உட்புறத்தையும் ஒரேயொரு கல அடுக்கு மூடியிருக்கிறது. அதற்கு அகவணி என்று பெயர். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்ததுபோல அது வெறும் பூச்சு என்றே உடலியலாளர் நெடுங்காலம் நினைத்திருந்தனர். அந்த எண்ணம் மாறியது ஓர் ஆய்வுகூடத் தவறினால். நியூயோர்க்கின் புரூக்ளினில் ரொபர்ட் பேர்ச்கொட் என்ற மருந்தியலாளர் முயலின் பெருநாடித் துண்டுகளை வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்துவந்தார். அசெற்றைல்கோலின் என்ற பொருள் பட்டால் அவருடைய துண்டுகள் சுருங்கும். 1978இல் அவருடைய உதவியாளர் சோதனையின் படிகளை வரிசை மாற்றிச் செய்துவிட்டார். சுருங்க வேண்டிய துண்டு தளர்ந்தது. தவறைத் திருத்திக்கொண்டு மேலே போகாமல், பேர்ச்கொட் அதன் காரணத்தைத் தேடினார். நாடியை வெட்டி எடுக்கும்போது உட்புறம் எதிலாவது உரசி அகவணி கழன்றிருந்தால் அது சுருங்கும். உரசாமல் பக்குவமாக எடுத்தால் அதே பொருளுக்கு அது தளரும். பூச்சு என்று நினைத்திருந்த அடுக்கு நாடியின் தசைக்குக் கட்டளை அனுப்புகிறது என்பது 1980இல் அச்சில் வந்தது. அனுப்பப்படும் செய்தி நைத்திரிக் ஒட்சைட்டு என்ற சாதாரண வாயு எனப் பின்னர் தெரிந்தது. 1998இன் மருத்துவ நோபல் பரிசை பேர்ச்கொட், இக்னாரோ, முராட் ஆகிய மூவரும் பகிர்ந்துகொண்டனர்.

அகவணிக்கு வேறு வேலைகளும் உண்டு. குருதி உறையாமல் வழுக்கி ஓடச் செய்வதும், எந்த வெண்குருதிக் கலத்தை எந்த இடத்தில் வெளியே விடுவது என்று தீர்மானிப்பதும், நீர் கசியாமல் காப்பதும் அதன் பொறுப்பே. அடிபட்டால் உடனே குருதியை உறையவைப்பதற்கான பொருளும் அதனிடம் தயாராக இருக்கிறது. 1964இல் வைபலும் பலாடேயும் நுணுக்குக்காட்டியில் கண்ட சிறு பொதிகளில் அந்த ஒட்டுப்பொருள் அடைத்துவைக்கப்பட்டிருக்கிறது. இன்னொரு திறமையும் உண்டு. தன்மீது உரசி ஓடும் குருதியின் வேகத்தை அகவணி உணர்கிறது. ஓட்டம் கூடினால் நைத்திரிக் ஒட்சைட்டை விட்டு வழியை அகலமாக்குகிறது.

இந்தத் திறமையை வைத்தே அகவணியின் நலத்தை அளக்கிறார்கள். 1992இல் செலர்மேயரும் உடனிருந்தோரும் விவரித்த முறை மிக எளியது. முன்கையில் இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைக் கட்டி, 5 நிமிடம் இறுக்கி வைத்துவிட்டுச் சட்டென்று அவிழ்ப்பார்கள். தடுத்திருந்த குருதி பாயும்போது மேற்கை நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேன் கருவியில் பார்ப்பார்கள். மூன்று நான்கு மில்லிமீற்றர் அகலமுள்ள அந்த நாடி, நல்ல உடம்புள்ள இளைஞரில் 5 முதல் 10 விழுக்காடு வரை விரியும். அகவணி சோர்ந்தவரில் விரிவு குறையும். வெற்றுக் கண்ணுக்குத் தெரியாத வேறுபாடுதான். ஆனால் பிற்காலத்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் முன்கூட்டிச் சொல்லும் அடையாளங்களில் அதுவும் ஒன்று.

நாட்பட்ட சுவாசத்தடை நோயாளரில் இந்த விரிவு, வைரசு எதுவும் வரும் முன்பே குறைந்திருக்கிறது. அந்த நோய்க்குப் புகைத்தலைக் காரணமாகச் சொல்வது மேற்கத்திய பாடநூல்களின் வழக்கம். மலையகத்தில் அது பாதிக் கதையே. பீடி, சுருட்டு, சிகரெட் ஆண்களின் கணக்கு; பெண்களின் கணக்கு அடுப்படியில் இருக்கிறது. 2012 குடிசனக் கணக்கெடுப்பின்படி இலங்கையின் வீடுகளில் நான்கில் மூன்றுக்கு மேல் விறகில்தான் சமைத்தன. பின்னர் எரிவாயுவுக்கு மாறிய வீடுகளிலும் 2022இன் தட்டுப்பாட்டில் அடுப்பு மீண்டும் மூண்டது. லயக்காம்பராவின் பின்புறத்தில், கூரைத் தகரம் கரிபிடித்துக் கறுத்த சிறு குசினியில், மிளகுக்கொடி படர நட்ட கிளிசரியாவைக் கவ்வாத்துப் பண்ணி எடுத்த பச்சை விறகு எரியும்போது எழும் புகை, வாசலைத் தேடிப் போகும் முன் ஊதுகுழலோடு குனிந்திருப்பவரின் மூச்சுக்குள்தான் போகிறது. வாழ்நாளில் ஒரு பீடிகூடக் குடிக்காத பாட்டிகளுக்கு வரும் இளைப்பை மூப்பின் தளர்ச்சி என்று தள்ளிவிடுவது வழக்கம். பலருக்கு அது நாட்பட்ட சுவாசத்தடை நோய். ஒரு முறை ஊதிப் பார்க்கும் சோதனையில் தெரிந்துவிடும்.

புகை காற்றுவழியை மட்டும் தின்பதில்லை. 1959இலேயே லீபோ என்ற அமெரிக்க நோயியலாளர், காற்றறைகள் சிதைந்த நுரையீரலின் சுவர்கள் மெலிந்து குருதியோட்டமே அற்றதுபோல் இருப்பதைக் கவனித்து, குழாய் அழிவதால்தான் அறை அழிகிறதோ என்ற ஐயத்தை எழுப்பினார். 2000ஆம் ஆண்டில் எலிகளில் நடந்த ஓர் ஆய்வு அதற்கு வலுச்சேர்த்தது. அகவணிக் கலங்கள் உயிரோடிருக்கத் தேவையான வளர்ச்சிக் காரணியின் வழியை மருந்தால் அடைத்தபோது, புகை எதுவும் படாமலே அந்த எலிகளின் சிற்றறைகள் அழிந்தன. முதலில் அழிவது அறையா குழாயா என்ற கேள்விக்கு ஒற்றை விடை இன்னும் கிடைக்கவில்லை. இரண்டும் சேர்ந்தே அழிகின்றன என்பது மட்டும் தெளிவு.

இதோடு நுரையீரலுக்கே உரிய ஒரு குணமும் சேர்கிறது. உடம்பின் மற்ற இடங்களில் ஒட்சிசன் குறைந்தால் குழாய் விரியும், நுரையீரலில் சுருங்கும். 1946இல் சுவீடனின் வொன் ஒய்லரும் லில்ஜெஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினர். காரணம் புத்திசாலித்தனமானது: காற்று வராத மூலைக்குக் குருதியை அனுப்பி வீணாக்காமல், காற்று வரும் பக்கம் திருப்பிவிடும் ஏற்பாடு அது. வாய்க்கால் ஒன்றில் மடையை அடைத்து மற்ற வயலுக்குத் தண்ணீர் விடுவது போன்றது. ஆனால் எல்லா மூலைகளிலும் காற்று குறைந்துவிட்டால் எல்லா மடைகளும் ஒன்றாக அடைபடும். நுரையீரல் நாடியின் அழுத்தம் ஏறும். இயல்பில் அதன் சராசரி 14 மில்லிமீற்றர் பாதரச அளவில் இருக்கும். 20ஐத் தாண்டினால் உயர் அழுத்தம் என்று இன்று கணிக்கிறார்கள். மெல்லிய சுவருள்ள வலது இதயம் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ளித் தள்ளிக் களைக்கும். பின்னேரத்தில் இரண்டு கால்களும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் மறையாமல் கிடப்பது இந்தக் களைப்பின் வெளித்தோற்றம். நாட்பட்ட சுவாசத்தடை நோய் முற்றாதவர்களில் கணிசமானோர் இறப்பது மூச்சு அடைத்து அல்ல, இதயமும் மூளையும் தாக்கப்பட்டு என்பதையும் இவ்விடத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இப்படி ஏற்கெனவே தேய்ந்துபோன குழாய்களின் மீதுதான் சுவாச வைரசு வந்து விழுகிறது.

இலங்கையில் கொவிட்-19 முதலில் உறுதியானது 2020 ஜனவரி 27இல், சீனப் பயணி ஒருவரில். மார்ச்சில் தொற்று உறுதியான முதல் உள்ளூர்வாசி ஒரு சுற்றுலா வழிகாட்டி. தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போகும் வாகனங்கள் வரிசையாக நின்ற மாத்தளை வீதியோரத்து வாசனைத் திரவியத் தோட்டங்கள் அத்தோடு வெறிச்சோடின. டெல்டா வகை பரவிய 2021இல் ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நாடே பூட்டப்பட்டது. அந்நோயால் இந்நாட்டில் இறந்ததாகப் பதிவானவர்கள் பதினாறாயிரத்துக்கும் மேல்.

வைரசு கலத்துக்குள் நுழையப் பற்றிக்கொள்ளும் கொளுக்கி ஏசிஈ2 என்ற புரதம். புகைப்பவர்களின், சுவாசத்தடை நோயாளரின் சிறு காற்றுவழிகளில் அந்தக் கொளுக்கி கூடுதலாக இருப்பதாக 2020இல் கனடாவின் வன்கூவரில் நடந்த ஆய்வு காட்டியது. அதே ஆண்டு சூரிச் நகர மருத்துவர்கள், இறந்தோரின் உறுப்புகளில் அகவணி வீங்கி அழிந்திருந்ததை லான்செட்டில் எழுதினர். இன்னும் நெருக்கமாகப் பார்த்தது அக்கர்மானின் குழு. கொவிட்டில் இறந்த 7 பேரின் நுரையீரலையும், இன்புளுவென்சாவில் இறந்த 7 பேரின் நுரையீரலையும் அருகருகே வைத்து ஆராய்ந்தார்கள். மயிர்க்குழாய்களில் நுண்ணிய குருதி உறைவுகள் கொவிட் நுரையீரலில் 9 மடங்கு அதிகம். ஒரு குழாயின் நடுவே தூண் எழும்பி அதை இரண்டாகப் பிளக்கும் விசித்திரமான புதுக்குழாய் வளர்ச்சியும் 2.7 மடங்கு இருந்தது. ஆளெண்ணிக்கை சிறிது. ஆனால் காய்ச்சல் நோய் என்று நினைத்ததைக் குருதிக்குழாய் நோயாகவும் மருத்துவர்கள் பார்க்கத் தொடங்கியதற்கு இந்த 14 பேரின் நுரையீரல்கள் ஒரு முக்கிய காரணம்.

நடப்பது என்னவென்றால், தாக்கப்பட்ட அகவணி தன் பொதிகளை அவிழ்த்து ஒட்டுப்பொருளைக் கொட்டுகிறது. குருதிச் சிறுதட்டுகள் அதில் ஒட்டுகின்றன. அழற்சி உறைதலைத் தூண்ட, உறைவு அழற்சியை வளர்க்கிறது. நைத்திரிக் ஒட்சைட்டு சுரப்பு விழுகிறது. படுக்கையில் கிடப்பதால் காலில் குருதி தேங்குகிறது. ஓட்டம் மந்தமாதல், குழாய்ச் சுவர் பழுதுபடுதல், குருதி உறையும் இயல்பு கூடுதல் என்று 19ஆம் நூற்றாண்டில் வியர்கோவின் பெயரோடு சேர்ந்த மூன்று காரணங்களும் ஒரே ஆளில் ஒரே வாரத்தில் கூடிவிடுகின்றன. நாட்பட்ட நோயாளரில் அவற்றில் இரண்டு முன்பே குடியிருந்தவை.

வைரசு குருதிக்குழாயைத் தாக்கும் என்பது மாத்தளைப் பக்கத்து மக்களுக்குப் புதுச் செய்தியாக இருக்க வேண்டியதில்லை. டெங்கு அவர்களுக்குத் தெரியும். 2017இல் இலங்கையில் 186,101 பேருக்கு டெங்கு பதிவானது. காய்ச்சல் விட்டதும் நோய் தீர்ந்தது என்று நினைக்கும் வேளையில்தான் ஆபத்து வரும், அந்த நேரத்தில் பிளேட்லட்டை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும் என்பது இன்று தோட்டத்துப் பிள்ளைகள்கூட அறிந்த பாடம். அங்கே அகவணி கசிகிறது, நீர் வயிற்றிலும் நெஞ்சிலும் இறங்குகிறது. கொவிட்டிலும் இன்புளுவென்சாவிலும் அது கசிவதோடு உறையவும் வைக்கிறது. டெங்குவின் ஆபத்துக் கட்டம் ஒன்றிரண்டு நாள். சுவாச வைரசுகள் விட்டுச்செல்வது மாதக் கணக்கு. வேறுபாடு நாட்காட்டியில்தான்.

அந்த நாட்காட்டியை மிகத் தெளிவாக வகுத்தது சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வு. கொவிட் தொற்றியபின் காலின் ஆழ்நாளத்தில் உறைவு வரும் ஆபத்து 70 நாள் வரை உயர்ந்திருந்தது. நுரையீரல் நாடி அடைபடும் ஆபத்து 110 நாள் வரை. குருதிப்பெருக்கு ஆபத்து 60 நாள் வரை. ஒரே ஆளில் உறைதலும் பெருக்கும் இரண்டும் கூடியிருப்பது சிகிச்சையை ஏன் சிக்கலாக்குகிறது என்பது இந்த எண்களைப் பார்த்தாலே விளங்கும். அதே ஆண்டில், அமெரிக்கப் படைவீரர் மருத்துவத் துறையின் 153,760 கொவிட் நோயாளரை ஓராண்டு தொடர்ந்த ஆய்வு, இதயச் செயலிழப்பு ஆபத்து ஏனையோரைவிட 72 விழுக்காடு கூடியிருந்ததைக் கண்டது. வைத்தியசாலையில் அனுமதிக்கப்படாதவர்களிலும் ஆபத்து ஓரளவு உயர்ந்தே இருந்தது.

கொவிட்டுக்கு மட்டும் உரிய குணமென்று இதை ஒதுக்க முடியாது. கனடாவின் ஒன்ராறியோவில் 2018இல் வெளிவந்த ஆய்வில், இன்புளுவென்சா உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு 6 மடங்காக இருந்தது. நாட்பட்ட சுவாசத்தடை நோயாளரின் இளைப்பு திடீரெனக் கூடுவதற்கு அடிக்கடி வழிவிடுவது சாதாரணத் தடிமன் வைரசு. அப்படி இளைப்புக் கூடி வைத்தியசாலைக்கு வந்த 740 பேரை பிரான்சில் முறையாகச் சோதித்தபோது, 44 பேரின் நுரையீரல் நாடியில் குருதி உறைவு இருந்தது. விழுக்காட்டில் 5.9. பதினேழு பேரில் ஒருவர் என்று சொன்னால் எடை புரியும். வழக்கமான முட்டு என்று பம்ப் அடித்து ஆவி பிடிக்கவைத்து அனுப்பியிருக்கக்கூடியவர்கள் அவர்கள்.

இந்த நோயாளரின் முதல் இடர் இங்கேதான் இருக்கிறது. மற்றவர்களுக்குப் புதிதாக மூச்சு முட்டினால் வீடே கவனிக்கும். பத்து வருடமாக முட்டுள்ளவருக்குக் கொஞ்சம் கூடினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, அவரே பார்ப்பதில்லை. ஆகவே பழைய முட்டையும் புதிய முட்டையும் பிரித்தறியச் சில தடயங்கள் தேவை. பழைய முட்டில் இழுப்பும் சளியும் உண்டு. பம்ப் அடித்தால் கொஞ்சமாவது விடும். உறைவால் வரும் முட்டு சட்டென்று தொடங்கும். நெஞ்சில் இழுப்புச் சத்தம் அதிகமின்றியே மூச்சு வாங்கும், மூச்சை உள்ளே இழுக்கையில் விலாவில் குத்தும், சளியில் குருதி தெரியலாம், எழுந்தவுடன் தலை சுற்றி விழலாம். இதில் எதைக் கண்டாலும் 1990க்கு அழைத்து அம்புலன்சை வரவழைப்பதே வழி. தோட்டத்து டிஸ்பென்சரியில் வரிசையில் நிற்கும் நேரம் அல்ல அது.

காலும் பேசும். இரண்டு காலும் ஒருசேர வீங்கினால் வலது இதயம் அல்லது சிறுநீரகம் என்று பார்க்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைச் சதை இறுகி நொந்தால் ஆழ்நாள உறைவை நினைக்க வேண்டும். இதற்குத் தையற்காரரின் அளவுநாடா போதும். முழங்காலுக்குக் கீழே எலும்பு முண்டாகத் தெரியும் இடத்திலிருந்து 10 சென்ரிமீற்றர் இறங்கி, இரண்டு கால்களிலும் ஒரே மட்டத்தில் பேனையால் புள்ளி வைத்துச் சுற்றளவு எடுக்க வேண்டும். வித்தியாசம் 3 சென்ரிமீற்றரைத் தாண்டினால் வைத்தியர்கள் அதை ஒரு அடையாளமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். தாண்டாவிட்டால் உறைவு இல்லை என்று அர்த்தம் இல்லை.

விரல் நுனியில் மாட்டிக் குருதியின் ஒட்சிசன் அளவைப் பார்க்கும் ஒக்சிமீற்றர் பெருந்தொற்றில் வீட்டுப் பொருளாகிவிட்டது. அதன் அடிப்படைத் தத்துவத்தை 1974இல் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தக்குவோ அவோயாகி. உலகமே அந்தக் கருவிக்கு அலைந்த 2020 ஏப்ரலில் அவர் காலமானார். கருவியை வைத்து உட்கார்ந்த நிலையில் ஒரு முறை பார்ப்பது பாதிச் சோதனையே. முன்சொன்ன கால் வினாடிக் கணக்கு அங்கே வெளிப்படாது. இஸ்தோப்பில் கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு, கைகளை ஊன்றாமல் ஒரு நிமிடம் எழுந்து எழுந்து உட்கார்ந்து, முன்னும் பின்னும் எண்ணைக் குறித்தால் நிலைமை தெரியும். 3 புள்ளி அல்லது அதற்கு மேல் இறங்கினால் வலையில் கையிருப்புக் குறைவு. உட்கார்ந்த நிலையிலேயே மிகத் தாழ்ந்த எண் உள்ளவர் வீட்டில் இதைச் செய்யக் கூடாது.

கருவியின் ஒரு குறையையும் கறுத்த தோலுள்ள நம் மக்கள் அறிந்திருப்பது நல்லது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கருவி நல்ல எண் காட்டியபோதும் குருதியில் ஒட்சிசன் உண்மையில் தாழ்ந்திருந்தவர்கள் கறுப்பினத்தவரில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு. கறுத்த தோலில் கருவி சற்றுக் கூட்டிச் சொல்கிறது. நகப்பூச்சும் குளிர்ந்த விரலும் வேறு விதமாக ஏமாற்றும். அதனால் ஒரு தனி எண்ணைவிட, அதே ஆள் அதே விரலில் நாளுக்கு நாள் எடுத்த எண்களின் ஏற்ற இறக்கமே நம்பத்தக்கது.

சிகிச்சையில் முதலில் சொல்ல வேண்டியது, எதிர்பார்த்துப் பொய்த்த மருந்துகளைப் பற்றி. குருதிச் சிறுதட்டு ஒட்டுவதுதான் குற்றம் என்றால் அஸ்பிரின் உதவ வேண்டும். 2021இல் பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வில் வைத்தியசாலை நோயாளரில் அஸ்பிரின் உண்டவரிலும் உண்ணாதவரிலும் இறந்தோர் 17 விழுக்காடே. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டற்றின் மருந்து அகவணிக்கு நல்லது என்ற நியாயத்தில் 885 சுவாசத்தடை நோயாளரில் சிம்வஸ்டற்றினைச் சோதித்துப் பார்த்த 2014ஆம் ஆண்டு ஆய்வும் இளைப்புத் தாக்குதல்கள் குறையாததால் இடையில் நிறுத்தப்பட்டது. இதய நோய் இருந்தால் இவ்விரு மருந்துகளும் தேவை. அது வேறு கதை. சுவாசத் தொற்று வந்துவிட்டது என்பதற்காக மட்டும் பாமசியில் கேட்டு வாங்கி விழுங்குவதற்கு ஆதாரம் இல்லை. இந்த நாட்டில் அது ஆபத்தும்கூட. காய்ச்சலோடு இருப்பவருக்கு வந்திருப்பது டெங்கு என்றால், அஸ்பிரினும் இபுபுறோபனும் குருதிப்பெருக்கைத் தூண்டிவிடும். பரசிற்றமோல் தவிர வேறு குளிசை வேண்டாம் என்று சுகாதாரத் துறை சொல்வது அதனால்தான். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர், காய்ச்சல் வந்தவுடன் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டிய செய்தி அது.

பலன் கண்டவை குருதி உறைதலைத் தடுக்கும் மருந்துகள், அதுவும் ஆளறிந்து கொடுத்தால். வாட்டில் இருக்கும் நோயாளருக்கு ஹெப்பரின் ஊசி வழக்கமாகிவிட்டது. முழு அளவு ஹெப்பரின், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போகும் முன்பான நோயாளருக்கு உதவியது; போய்விட்டவர்களுக்கு உதவவில்லை. பற்றிய தீயை அணைக்கும் நேரம் ஒன்று உண்டு. வீடு திரும்பிய பின், உறைவு ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு 10 மில்லிகிராம் ரிவரொக்சபானை 35 நாள் கொடுத்த பிரேசில் நாட்டு ஆய்வில், உறைவும் அதைச் சார்ந்த இறப்பும் 9 விழுக்காட்டிலிருந்து 3 விழுக்காடாக இறங்கின. யாருக்கு அந்த ஆபத்து அதிகம் என்று தீர்மானிப்பது வைத்தியரின் வேலை. வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஏற்கெனவே உண்ணும் மருந்துகள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும்.

மருந்தில்லாச் சிகிச்சையில் முந்தி நிற்பது நடை. காரணம் அகவணியின் முன்சொன்ன திறமைதான்: ஓட்டம் கூடினால் அது நைத்திரிக் ஒட்சைட்டை விடுகிறது. தினமும் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் தினமும் விடுகிறது, நாளடைவில் விடும் இயந்திரமும் தேறுகிறது. இத்தாலியில் கொவிட்டிலிருந்து மீண்டவர்களிடம் அந்தக் கைநாடி விரிவு குறைந்திருந்ததையும், நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பின் அது மேம்பட்டதையும் 2021 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. மலையகத்தில் சமதரை அருமை. எடுத்த எடுப்பில் மேடு ஏறச் சொல்வது கொடுமை. லயத்தின் வாசல் நெடுகிலும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில், முட்டினால் நின்று, உதடுகளைக் குவித்து விசிலடிப்பதுபோல் மூச்சை மெல்ல விட்டு மீண்டும் நடப்பது போதும். நாளொன்றுக்கு ஒரு நிமிடம் கூட்டினாலும் மாதக் கடைசியில் அரை மணி நேரம் சேர்ந்துவிடும். பம்பைச் சரியாகப் பிடிக்கிறாரா என்பதையும் மாவட்டந்தோறும் உள்ள மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தில் ஒருமுறை செய்துகாட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். வருடக்கணக்காகத் தொண்டைக்குள் மட்டும் அடித்துக்கொண்டிருப்பவர்கள் குறைவில்லை.

புகையை நிறுத்தாமல் மேற்சொன்ன எதுவும் நிற்காது. பீடியை விடுவது ஒருவரின் மனத்தைப் பொறுத்தது. அடுப்புப் புகையை விடுவது வீட்டின் அமைப்பைப் பொறுத்தது. புகைபோக்கி வைத்த அடுப்பு, ஒரு மழைக்காலம் முன்னமே வெட்டி வெயிலில் காயவைத்த விறகு, நோயாளரை அடுப்படியிலிருந்து எழுப்பி வேறொருவரை அமர்த்துவது என்று இயன்றதைச் செய்யலாம். கடைசியாகச் சொன்னதுதான் நடைமுறையில் கடினம். காய்ச்சல் விட்ட மூன்றாம் நாளே ஊதுகுழலை எடுத்துவிடுகிற பாட்டியைத் தடுக்க வீட்டில் யாருக்கும் துணிவு வருவதில்லை.

தடுப்பூசி குருதிக்குழாய்க்கும் மருந்து. இன்புளுவென்சா ஊசி போட்ட இதய நோயாளரில் இறப்பு குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொவிட் ஊசிகளில் அஸ்ட்ராசெனகா, இலட்சத்தில் ஒருவர் இருவருக்குக் குருதி உறைவைத் தந்தது உண்மை. ஆனால் ஊசி போடாமல் நோய் கண்டவருக்கு வரும் உறைவு ஆபத்து அதைவிடப் பல மடங்கு. இரண்டையும் ஒரே தராசில் வைக்காமல் ஊசியை மட்டும் நிறுத்துப் பேசியதால் வந்த அச்சம் இன்னும் சிலரிடம் இருக்கிறது.

தொற்றுக்குப் பின்னும் ஒட்சிசன் எண் 88 அல்லது அதற்குக் கீழே நின்றுவிட்டவருக்கு வீட்டு ஒட்சிசன் வேண்டிவரும். 1980இலும் 1981இலும் வெளிவந்த அமெரிக்க, பிரித்தானிய ஆய்வுகள், நாளில் 15 மணி நேரத்துக்குக் குறையாமல் ஒட்சிசன் எடுத்தவர்கள் நெடுநாள் வாழ்ந்ததைக் காட்டின. ஒட்சிசன் இங்கே குழாய்க்கான மருந்தாகவும் வேலை செய்கிறது: சுருங்கிய நுரையீரல் நாடிகள் அதனால் தளர்கின்றன, வலது இதயத்தின் சுமை இறங்குகிறது. தாக்குதல் ஓய்ந்த இரண்டு மூன்று மாதத்தில் மீண்டும் அளக்க வேண்டும். பலருக்கு அதற்குள் தேவை தீர்ந்துவிடும். ஒட்சிசன் செறிவாக்கி மின்சாரத்தில் ஓடும் இயந்திரம். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் போன நாட்டில், சிலிண்டர் ஒன்றைக் கைகாவலுக்கு வைத்துக்கொள்ளாமல் இயந்திரத்தை மட்டும் நம்ப முடியாது. எரியும் அடுப்பு, சாமி விளக்கு, பீடி நெருப்பு எதுவும் அது இருக்கும் அறைக்குள் வரலாகாது. இயந்திரத்தை முன் அறையில், சன்னலோரத்தில் வைத்து, நீண்ட குழாய் மாட்டி, குசினிக் கதவுக்கு எட்டாத தொலைவில் நோயாளரின் கட்டிலைப் போடுவது வழக்கம்.